வாசகர் வினா – விடை: கடல் கடக்கும் வேலைகள்

அமெரிக்கா 2025இல் விதித்த இறக்குமதி வரிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதிய சிறு குறிப்பு, எதிர்பாராத அளவு கடிதங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே இம்முறை திறந்த வர்த்தகம், வெளிநாடுகளுக்குக் கைமாறும் வேலைகள், வேலையிழப்பை வைத்து நடத்தப்படும் அரசியல் ஆகியவற்றைத் தொட்டு வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிணற்று நீரின் கல்சியத்தைப் பற்றிக் கேட்டிருந்த அன்பர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: நான் கொக்குவிலில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். எங்களைப் போன்றவர்கள் தங்கள் நாட்டவரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அங்குள்ள அரசியல்வாதிகள் பேசுவதைக் கேட்கும்போது மனம் குறுகுகிறது. நான் உண்மையிலேயே ஒருவருடைய வயிற்றில் அடிக்கிறேனா? (வாசகர், கொக்குவில்)

பதில்: மனம் குறுக வேண்டியதில்லை, ஆனாலும் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட வேண்டாம். தாங்கள் இன்று செய்யும் வேலையை முன்னர் அங்கே ஒருவர் செய்திருக்கக்கூடும். அவருடைய குடும்பம் அந்தச் சம்பளத்தில் வாழ்ந்திருக்கக்கூடும். ஆனால் வேலையை இடம் மாற்றும் முடிவு தங்களுடையதன்று, அவருடையதுமன்று. ஒரே வேலைக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விதமான சம்பளம் இருப்பதைக் கண்ட நிறுவனம், இணையம் இடைத்தூரத்தை இல்லாமற் செய்ததும் தன் கணக்கைப் பார்த்தது. 2022இல் எமது ரூபாய் சில வாரங்களுக்குள் டொலருக்கு 200இலிருந்து 360 வரை வீழ்ந்தபோது நாம் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். அதே வீழ்ச்சி, டொலரில் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு எமது உழைப்பை மேலும் மலிவாக்கிக் கொடுத்தது.

வேலைக்காக எல்லை கடப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய சங்கதி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற எமது இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தார்கள். அங்கே உழைத்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய மலாயன் பென்சனியர்களின் கல்வீடுகள் இன்னமும் பல ஊர்களில் நிற்கின்றன. அன்று வேலை அங்கேயே இருந்தது, ஆள் கப்பலேறினார். இன்று ஆள் கொக்குவிலில் இருக்கிறார், வேலை அவரிடம் வந்து சேர்கிறது. 1995இல் உலக வர்த்தக நிறுவனத்துடன் நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தக உடன்படிக்கை இவ்விரண்டையும் தனித்தனி முறைகளாகவே வகுத்தது. சேவை எல்லை கடப்பதற்குச் செல்வந்த நாடுகள் கதவை அகலத் திறந்தன. சேவை செய்பவர் எல்லை கடப்பதற்கோ மிகவும் ஒடுக்கமாகத் திறந்தன. விசா கொடுக்க மறுத்த நாடு, வேலையைத் தானே வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அதைப் பறித்துவிட்டார்கள் என்று குறைப்படுவதில் உள்ள வேடிக்கையை நான் சொல்லித்தான் ஆக வேண்டுமென்பதில்லை.

இனி அமெரிக்காவின் அரசியலைப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ரொஸ் பெரோ, மெக்சிக்கோவுடனான வர்த்தக உடன்படிக்கை வந்தால் அமெரிக்க வேலைகள் தெற்கு நோக்கி உறிஞ்சப்படும் பேரோசை கேட்கும் என்று எச்சரித்து, ஏறத்தாழ 19 வீத வாக்குகளைப் பெற்றார். உடன்படிக்கை 1994 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. 2004 பெப்ரவரியில், ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசனைச் சபைத் தலைவராக இருந்த கிரெகரி மான்கியூ, சேவை வேலைகள் வெளிநாடு செல்வதும் சர்வதேச வர்த்தகத்தின் புதியதொரு வடிவமே, நீண்டகாலத்தில் அது நாட்டுக்கு நன்மையே என்ற கருத்தைக் கூறினார். பொருளியல் வகுப்பில் எவரும் எதிர்க்காத கருத்து அது. தேர்தல் ஆண்டில் அது வெடிகுண்டானது. அவருடைய கட்சியைச் சேர்ந்த சபாநாயகரே அவரைக் கண்டித்தார்.

மான்கியூ பொய் சொல்லவில்லை. ஆனால் நாட்டுக்கு நன்மை என்று சொல்லும்போது அந்த நாட்டுக்குள் யாருக்கு என்பதை அவர் விட்டுவிட்டார். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்த பின்னர் நிகழ்ந்ததை டேவிட் ஓட்டர் முதலிய பொருளியலாளர்கள் பிரதேசம் பிரதேசமாக அளந்து பார்த்தார்கள். 1999க்கும் 2011க்கும் இடையில் சீன இறக்குமதியின் போட்டியால் அமெரிக்காவில் இழக்கப்பட்ட வேலைகள் 20 இலட்சம் முதல் 24 இலட்சம் வரை என்பது அவர்களது மதிப்பீடு. கோடிக்கணக்கானோர் வேலை செய்யும் நாட்டில் அது பெரிய தொகை அன்று என்று தோன்றலாம். ஆனால் அந்த இழப்பு நாடெங்கும் சமமாகப் பரவி விழவில்லை. வட கரோலினாவின் தளபாடத் தொழில் ஊர்களைப் போல, ஒரே தொழிலை நம்பியிருந்த இடங்களில் குவிந்து விழுந்தது. தொழிற்சாலை மூடப்பட்டதும் தேநீர்க் கடையும் முடிதிருத்துவோரும் வருமானம் இழந்தனர். வீட்டு விலை சரிந்தது. விற்றுவிட்டு வேறிடம் போகவும் வழியில்லை. பாடநூலில் தொழிலாளர் வேலை உள்ள இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். உண்மையில் பெரும்பாலானோர் நகரவில்லை.

அவர்களுக்குக் கைகொடுக்கவென்றே அமெரிக்காவில் ஒரு திட்டம் இருந்தது. 1962இல் கென்னடியின் காலத்தில் தொடங்கிய அது, இறக்குமதியால் வேலையிழந்தவர்களுக்கு மறுபயிற்சியும் வருமான உதவியும் வழங்கியது. ஆனால் 2009 வரை அது பண்டம் உற்பத்தி செய்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கணினி நிரல் எழுதியவரின் வேலை வெளிநாடு போனால், அவர் பண்டம் எதையும் செய்யவில்லை என்று கைவிரித்தார்கள். 2022 ஜூலையில் திட்டத்தின் சட்ட அதிகாரம் காலாவதியாகி, புதிய விண்ணப்பங்களை அங்கீகரிப்பதே நின்றுபோனது. தங்களைக் குறைகூறும் அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது. இறக்குமதியால் வேலையிழந்த தமது குடிமகனுக்கென்றே இருந்த உதவியை நின்றுபோக விட்டுவிட்டு, வெளிநாட்டுப் பணியாளருக்குச் செல்லும் கொடுப்பனவுகள்மீது 25 வீத வரி விதிக்கும் சட்டமூலம் ஒன்றை 2025 செப்ரெம்பரில் செனற் சபையில் முன்வைத்தார்கள். உதவித் திட்டத்துக்குச் செலவு உண்டு. வெளியாரைக் கைகாட்டுவதற்குச் செலவு இல்லை.

இந்தப் பேச்சு எமக்குக் கேட்டுப் பழகியதுதான். அரசாங்க உத்தியோகங்களில் தமிழருடைய பங்கு அவர்களது தொகைக்கு மிஞ்சியது என்ற முறைப்பாடு 1956ஆம் ஆண்டு தனிச் சிங்கள மொழிச் சட்டத்தின் பின்னால் நின்ற வலுவான உந்துதல்களில் ஒன்று. பொருளாதாரம் போதிய வேலைகளை உருவாக்காதபோது, இருக்கும் வேலையை யார் வைத்திருக்கிறார் என்று விரல் நீட்டுவது எந்த நாட்டு அரசியலுக்கும் எளிது. அந்த விரல் எம்மை நோக்கி நீண்ட காலத்தில் அது எமக்கு எப்படி இருந்தது என்பதைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: எழுபதுகளில் என் தந்தையார் மிளகாயும் வெங்காயமும் செய்துதான் எங்களைப் படிப்பித்தார். 77க்குப் பிறகு எல்லாம் விழுந்துபோனது. ஆனால் திறந்த வர்த்தகம் எல்லோருக்கும் நல்லது என்றே பொருளாதாரம் படித்த என் மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி? (கமக்காரர், உரும்பிராய்)

பதில்: மகன் படித்த பாடத்தின் வேர் 1817இல் டேவிட் ரிக்கார்டோ போட்ட ஒரு கணக்கு. ஒரு குறித்த அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேர் தேவை, அதற்கு ஈடான வைனைச் செய்ய 120 பேர் தேவை; போர்த்துக்கலில் துணிக்கு 90 பேர், வைனுக்கு 80 பேர் போதும். இரண்டிலும் போர்த்துக்கல்லே கெட்டித்தனமாக இருந்தபோதிலும், அது வைனை மட்டும் செய்து இங்கிலாந்து துணியை மட்டும் நெய்து பரிமாறிக்கொண்டால் இரு நாட்டுக்கும் இலாபம் என்று அவர் காட்டினார். கணக்கில் பிழை இல்லை. இருநூறு ஆண்டுகளாகப் பலர் முயன்றும் அதை உடைக்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் போர்த்துக்கலின் துணி நெசவாளர் மறுநாளே திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அவருக்கு வயது என்ன, கடன் எவ்வளவு, அவருடைய கைக்குத் திராட்சை வேலை தெரியுமா என்பதெல்லாம் அதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. முதலாளிகள் தம் பணத்தை அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோகத் தயங்குவார்கள் என்றும், தாய்நாட்டில் கிடைக்கும் குறைந்த இலாபத்தோடு திருப்தியடைவார்கள் என்றும் ரிக்கார்டோ எண்ணினார். அப்படி இருப்பதே நல்லதென்றும் கருதினார். தொழிற்சாலையையே பெயர்த்துக் கப்பலேற்றும் இக்காலத்தில் அந்த எண்ணம் செல்லாது.

தங்கள் தந்தையாரின் காலத்துக்கு வருகிறேன். 1970 முதல் 1977 வரையிலான அரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லாமையால் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைத் தடுத்தும் கடுமையாக மட்டுப்படுத்தியும் வைத்தது. வலிகாமத்தின் செம்மண்ணும், கிணறும், நீரிறைக்கும் இயந்திரமும், மாட்டெருவும் பசளையும், குடும்பமே சேர்ந்து தோட்டத்தில் நிற்கும் உழைப்பும் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டன. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற படித்த இளைஞர்களும் செத்தல் மிளகாய் விற்றுக் கையில் காசு கண்டார்கள். அரசாங்க உத்தியோகத்தின் கதவு ஒடுங்கிக்கொண்டிருந்த நாட்களில், தோட்டம் செய்தும் மதிப்பாக வாழலாம் என்று ஒரு தலைமுறை நம்பிய குறுகிய காலம் அது.

அதே ஆண்டுகளில் நாட்டின் மற்றப் பகுதிகளில் என்ன நடந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்றது. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை இருந்தது. வாரத்தில் இரண்டு நாட்கள் உணவகங்களில் சோறு பரிமாறக்கூடாது என்றார்கள். கொழும்பில் சம்பளத்துக்கு வாழ்ந்தவர், எமது கமக்காரருக்குக் கிடைத்த நல்ல விலையைத் தமது கறிச்சட்டியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டால் எழுபதுகளை வேறு விதமாகத்தான் சொல்வார்.

1977 ஜூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜெயவர்த்தன வென்றார். நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம் ரூபாயின் பெறுமதியை டொலருக்கு ஏறத்தாழ 16 ஆகக் குறைத்து, இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை நீக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வரத் தொடங்க, தோட்டக்காரரின் விலை விழுந்தது. கொழும்பின் நுகர்வோருக்குக் கிலோவுக்குச் சில சதங்கள், சில ரூபாய்கள் மிச்சம். அந்த மிச்சம் இலட்சக்கணக்கான வீடுகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. இழப்போ ஒரே குடாநாட்டில், ஒரே தொழில் செய்தோர்மீது, ஒரே நேரத்தில் விழுந்தது. வட கரோலினாவுக்கும் உரும்பிராய்க்கும் இவ்விடத்தில் வேறுபாடு காண்பது கடினம். மேலே சொன்ன வர்த்தக உடன்படிக்கைக்குப் பின் மெக்சிக்கோவிலும் இதுவே நடந்தது. அமெரிக்காவில் மானியம் பெற்று விளைந்த மலிவான சோளம் எல்லை தாண்டி வர, சிறு காணியில் சோளம் செய்து வாழ்ந்த மெக்சிக்கோ உழவர் பலர் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். வேலையைப் பறித்த நாடு என்று பெரோ சுட்டிய நாட்டிலும் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள்.

பொருளியல் இந்த இடத்தில் முற்றாக வாய்மூடி இருந்துவிட்டது என்று சொல்வது நியாயமன்று. வெல்பவர்களின் இலாபம் தோற்பவர்களின் நட்டத்தை ஈடுசெய்யப் போதுமானதாக இருந்தால் அந்த மாற்றம் நல்லது எனக் கொள்ளலாம் என்று 1939இல் நிக்கலஸ் கால்டோரும் ஜோன் ஹிக்ஸும் ஓர் அளவுகோலை வைத்தார்கள். (இதே கால்டோர் 1958இல் இலங்கைக்கு வந்து, செலவின்மீது வரி அறவிடும் யோசனையை எமது அரசாங்கத்துக்குச் சொன்னவர் என்பது பலருக்கு மறந்துபோயிற்று.) அந்த அளவுகோலில் ஈடு கொடுக்கக்கூடியதாக இருந்தாலே போதும், கொடுத்தாக வேண்டுமென்பதில்லை. இறைப்பு இயந்திரம் நன்றாக ஓடுகிறது, கிணற்றில் நீரும் உண்டு, ஆகவே கடைசிப் பாத்தியும் நனைந்ததாகவே கொள்ளலாம் என்று வாய்க்கால் வெட்டாமல் விட்ட கதைதான் இது. 1977க்குப் பிறகு மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்துக்கும் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் பெரும் பணம் போனது. சந்தை இழந்த வடக்கின் தோட்டக்காரருக்கு அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. எனவே மகன் சொல்வது கூட்டுத்தொகை. தந்தையார் கண்டது பங்கீடு. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பதே என் கருத்து.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1977க்குப் பின் தோட்டம் விழுந்தது என்று சொல்லும்போது, 1983க்குப் பின் போரும், 1990க்குப் பின் எரிபொருள், பசளை முதலியவற்றின் மீதான தடையும், இடப்பெயர்வும் செய்ததைச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். இறக்குமதி விலையைக் குறைத்தது. போர் காணியையே எடுத்துக்கொண்டது.

இன்று வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் 2007ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்றொரு வரி உண்டு. உள்ளூர் அறுவடையின்போது அதைக் கூட்டுவதும் மற்றக் காலத்தில் குறைப்பதும் வழக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரியைக் கூட்டும் வர்த்தமானி வெளிவரும் முன்னரே இறக்குமதியாளர் களஞ்சியத்தை நிரப்பிவிட்டால் கமக்காரருக்கு அதனால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். பாதுகாப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை, அறுவடை நாளுக்கும் வர்த்தமானி நாளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றிக் கேட்பதில் கமக்காரர் அமைப்புகள் செலவிட்டால் நல்லது.

கேள்வி: என் மகள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அமெரிக்காவின் வரியால் அது மூடப்படுமா? (தாய், சாவகச்சேரி)

பதில்: குறித்த ஒரு தொழிற்சாலை மூடப்படுமா என்பதை அதன் கட்டளைப் புத்தகத்தை (வாங்குவோர் கொடுத்த ஓடர்களின் பதிவை) பார்க்காத எவரும் சொல்ல முடியாது, அம்மா. நிலைமையை விளக்கலாம்.

2025 ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என அறிவித்தார்கள். பிறகு அதை நிறுத்திவைத்து, ஜூலையில் 30 என்றார்கள். ஓகஸ்டில் 20 வீதத்தில் நடைமுறைப்படுத்தினார்கள். எமது ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குப் போவதால் அந்த நான்கு மாதங்களும் பலருக்குத் தூக்கமற்றவை. இதில் எமது வீதத்தைத் தனியே பார்ப்பதில் பொருளில்லை. போட்டியிடும் நாடுகளின் வீதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஓகஸ்டில் வியட்நாமுக்கும் பங்களாதேஷுக்கும் 20, கம்போடியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் 19 என்றே இருந்தது. இந்தியாவுக்கு மாத இறுதியில் 50 வரை ஏறியது. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சுமை என்றால் கட்டளைகள் வேறு நாட்டுக்கு ஓடுவதற்குக் காரணம் குறைவு. ஆனால் அங்கே உடையின் விலை ஏறி, வாங்குவோர் குறைந்தால், எல்லோருடைய கட்டளையும் சேர்ந்து குறையும். வரியின் ஒரு பகுதியை நீங்களே தாங்குங்கள் என்று வாங்கும் நிறுவனம் தொழிற்சாலையை நெருக்கும். தொழிற்சாலை மேலதிக நேர வேலையைக் குறைக்கும், புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தும். மூடப்படுவதற்கு முன் தெரியும் அடையாளங்கள் இவை. மகளின் சம்பளத் துண்டில் மேலதிக நேரக் கொடுப்பனவு மாதத்துக்கு மாதம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தொழில் இலங்கைக்கு வந்ததே திறந்த வர்த்தகத்தால் அன்று, மூடிய வர்த்தகத்தின் ஓட்டையால். 1974 முதல் 2004 இறுதி வரை வசதியான நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எவ்வளவு ஆடை வரலாம் என்று கோட்டா வைத்திருந்தன. தமது கோட்டாவை நிரப்பிவிட்ட கிழக்காசிய உற்பத்தியாளர்கள், நிரப்பப்படாத கோட்டா உள்ள நாடுகளைத் தேடியபோது, 1978இல் கட்டுநாயக்கவில் திறக்கப்பட்ட சுதந்திர வர்த்தக வலயம் கண்ணில் பட்டது. 1992இல் பிரேமதாச அரசாங்கம் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது வடக்கு போருக்குள் இருந்தது. எமது பகுதிக்குத் தையல் இயந்திரங்கள் வந்தது போர் முடிந்த பிறகுதான். கோட்டா ஒழிந்தபோதும், 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தி 2017இல் திருப்பித் தந்தபோதும் இத்தொழில் அழியவில்லை. ஆனால் சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. பெரியவை நிலைத்தன. நாட்டின் ஏற்றுமதி அட்டவணையில் அதை வீழ்ச்சி என்று யாரும் எழுதவில்லை. வேலையிழந்த பெண்களைப் பொறுத்தவரை அந்த அட்டவணையால் என்ன பயன் என்பது வேறு கேள்வி.

கேள்வி: நாம் உள்ளூர்ப் பொருட்களை மட்டுமே வாங்குவதென்று தீர்மானித்தால் என்ன? (வாசகர், வல்வெட்டித்துறை)

பதில்: தாராளமாக வாங்குங்கள். நல்லெண்ணெயும் பனங்கட்டியும் உடலுக்கும் நல்லவை. ஆனால் இறக்குமதியைச் சட்டத்தால் மூடினால் கள்ளக்கடத்தலாகக் கடலால் திறந்துகொள்ளும் என்பதை, எழுபதுகளின் நினைவுள்ள வல்வெட்டித்துறையிலிருந்து வந்த கடிதத்துக்கு நான் விளக்கி எழுதுவது அழகாக இராது.

கேள்வி: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டதற்கும் திறந்த பொருளாதாரந்தான் காரணம் என்று எமது விரிவுரை ஒன்றில் கூறப்பட்டது. அது சரியா? (மாணவி, திருநெல்வேலி)

பதில்: சரியன்று. 1950இல் தொடங்கிய அத்தொழிற்சாலை, தாராளமயத்துக்குப் பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இயங்கியது. 1990இல் அதை நிறுத்தியது போர். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் முடிவும் அவ்வாறே. போர் இல்லாதிருந்தால் புத்தளத்தின் சீமெந்துத் தொழிற்சாலையைப் போல இதுவும் தனியார் கைக்குப் போயிருக்கலாம், ஆட்குறைப்பும் நடந்திருக்கலாம். ஆனால் அது நிகழாத வரலாறு. எல்லாத் தீமைகளுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டால் விரிவுரை விரைவாக முடியும் என்பது மட்டுமே அதிலுள்ள வசதி.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்யும் நிறுவனமொன்றின் யாழ்ப்பாணக் கிளையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார் என்று கூறி, எங்கள் பிரிவில் எல்லோரிடமும் விலகல் கடிதம் கேட்கிறார்கள். கொடுத்தால் ஒரு மாதச் சம்பளம் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, நல்லூர்)

பதில்: தொழில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எந்தக் கடிதத்திலும் கையொப்பமிட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

தொழிலாளரின் வேலையை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நிறுத்துவதானால், ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். வாடிக்கையாளர் போய்விட்டார், வேலை இல்லை என்பது முதலாளி ஆணையாளரிடம் சொல்ல வேண்டிய காரணம். அனுமதி கிடைத்தால் சேவைக்காலத்துக்கு ஏற்ற நட்டஈட்டை ஒரு சூத்திரத்தின்படி கணக்கிடுவார்கள். 2021இல் அதன் உச்சவரம்பு 25 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆறு ஆண்டுச் சேவைக்கு அந்தக் கணக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிட எவ்வளவோ அதிகமாக வரும். தாங்களாகவே விலகியதாகக் கடிதம் கொடுத்துவிட்டால், பிறகு அந்த உரிமையைக் கேட்பது மிகக் கடினம். அவர்கள் கடிதத்தைக் கேட்பதும் இதனாற்றான்.

விலகினாலும் நிறுத்தினாலும் தங்களுக்கு உரியவை வேறு உண்டு. ஐந்து ஆண்டுச் சேவையைப் பூர்த்திசெய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் சேர வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 வீதமும் ஒழுங்காகச் செலுத்தப்பட்டதா என்று சரிபாருங்கள். பணிக்கொடையைச் சலுகை போலக் காட்டி அதையே நட்டஈடு என்று எண்ணவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், விலகும்படி கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்கள் அனைத்தையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குத் தாமதிக்காமல் போங்கள். அதே கடிதம் கேட்கப்பட்ட மற்றவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இதே துறையில் வேலை செய்யும் மற்ற வாசகர்களுக்கும், முதற் கேள்வி கேட்ட கொக்குவில் அன்பருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே பதிவுபெற்ற கம்பனியே இல்லாமல், தங்களைச் சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று எழுதி மாதாமாதம் டொலரில் பணம் அனுப்பும் ஏற்பாடு இப்போது பரவலாகிவிட்டது. கையில் வரும் தொகை கூடுதலாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன சட்டங்கள் எல்லாம் முதலாளி ஒருவர் இங்கே இருப்பதை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. அத்தகைய ஒப்பந்தத்தில் சேமலாப நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, ஆணையாளரின் அனுமதியும் தேவையில்லை. வேலையிழந்தோருக்கான காப்புறுதித் திட்டமும் எமது நாட்டில் இல்லை. கையொப்பமிடும் முன்னர் இரண்டு வாசகங்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை நாள் முன்னறிவித்தலுடன் நிறுத்தலாம் என்பது ஒன்று, பிணக்கு எழுந்தால் எந்த நாட்டின் சட்டம், எந்த ஊரின் நீதிமன்றம் என்பது மற்றது. இரண்டாவதற்கு அமெரிக்க மாநிலம் ஒன்றின் பெயர் எழுதப்பட்டிருந்தால், அந்த டொலரில் ஒரு பகுதியை ஒவ்வொரு மாதமும் தாங்களே ஒதுக்கி வைக்கத் தொடங்குங்கள்.